ஐந்தாவது வரி

கம்பியின் தலையிலிருந்த பித்தளைத் திருகு அசைந்து கொடுக்கவில்லை. அவள் கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துத் திருகிப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு திருகிப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். பக்கத்துக் கூடத்தில் குளிர்பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் அப்பா படுத்திருந்தார். கூடத்துக்கும் அவருடைய வேலையறைக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது.

“என்னடி பண்றே உள்ள?” அத்தையின் குரல் கதவைத் தாண்டி வந்தது. “வந்தவங்க தொண்டை வறண்டு உக்காந்திருக்காங்க. டம்ளர் எங்க இருக்குன்னே தெரியல. உலகத்துல இருக்கற சொல்லையெல்லாம் அடுக்கி வெச்சான் எங்கண்ணன், நாலு டம்ளர அடுக்கி வெக்கல.”

“மேல் தட்டுல இருக்கு அத்தை. இதோ வந்துட்டேன்.”

மணி பத்து இருபது. பதினோரு மணிக்கு அப்பாவின் அலுவலகத்திலிருந்து வேன் வரும். அதற்குள் இந்த மரப்பெட்டியிலிருந்து ஒரு சீட்டை அவள் எடுத்தாக வேண்டும்.

அப்பா ஓர் அகராதி அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். ஒரு சொல் எங்கே பிறந்தது, எந்தெந்த மொழியில் அதற்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள், இன்றைக்குத் தெருவில் அதை யார் எப்படிச் சொல்கிறார்கள் என்று தேடித் தேடிச் சீட்டில் எழுதிச் சேர்ப்பதுதான் வேலை. ‘உங்கப்பா ஆபீஸ்ல மட்டுமில்லாம வீட்டுலயும் சீட்டாடறாராமே’ என்று சின்ன வயதில் அவளைக் கேலி செய்யாத பிள்ளையில்லை.

அந்தச் சீட்டுகளில் ஒரு வகைக்குத் தெருச்சீட்டு என்று பெயர். தெருச்சீட்டில் ஐந்து வரி. முதல் வரியில் காதில் விழுந்த வாக்கியம், விழுந்தபடியே. அடுத்து சொன்னவர். பிறகு இடம், தேதி. ஐந்தாவது வரியில் ‘சரிபார்த்தவர்’ என்று அச்சடித்திருக்கும். எழுதினவரே சரிபார்க்கக் கூடாது. இன்னொருவர் போய், சொன்னவரை நேரில் பார்த்து, ‘இதைச் சொன்னது நீங்கள்தானா’ என்று கேட்டு, ஆமாம் என்று அவர் வாயால் வந்தால்தான் அங்கே கையெழுத்து. இந்த விதியை ஏற்படுத்தியவரே அப்பாதான். இதற்காகவே ஊரில் பாதிப் பேர் அலுவலகத்து ஆட்களைக் கண்டால் சந்துக்குள் புகுந்து ஓடுவார்கள்.

இப்போது அவள் முன்னால் இருந்தது ‘பழி’ என்று ஒட்டிய பெட்டி. முழங்கை நீளத்துக்கு மரப்பெட்டி. உள்ளே வரிசையாக நானூற்றுச் சொச்சம் சீட்டுகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துளை, எல்லாத் துளைகளையும் கோத்துக்கொண்டு ஒரு கம்பி. சீட்டைப் புரட்டிப் படிக்கலாம், உருவ முடியாது. இழுத்தால் கிழியும். கிழித்தால் துளையோடு ஒரு துண்டு கம்பியிலேயே நின்று காட்டிக்கொடுக்கும். பெட்டியின் மூடிக்கு ஒரு பூட்டு. சாவி அப்பாவின் சட்டைப்பையை விட்டு இறங்கியதே இல்லை. நேற்றுச் சாயங்காலம் அவருக்குச் சட்டை மாற்றும்போதுதான், மூக்குக்கண்ணாடியோடு சேர்ந்து அது அவள் கைக்கு வந்தது.

நேற்றுக் காலை அப்பா அலுவலகத்துக்குப் போன் செய்து, “பழி முடிஞ்சுது. நாளைக்கு வந்து எடுத்துக்கங்க” என்றார். மத்தியானம் சாய்வு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ராத்திரி துக்கம் கேட்டுப் பேசிய அலுவலகத்தார், “பெட்டிக்கு நாளைக்கே வரலாமா, தப்பா நினைக்க மாட்டீங்களே? திங்கக்கிழமை அச்சுக்குப் போகணும். அவரே சொன்ன தேதி” என்றார்கள். அவள் வாய் ‘சரி’ என்று சொல்லிவிட்டது. “பென்சிலக்காவ அனுப்பறோம்” என்று அவர்கள் சொன்ன பிறகுதான் அவள் அந்தச் சாவியைத் தேடி எடுத்தாள்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்கக் குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவள் அவள். ஒரு சீட்டையும் இடம் மாற்றி ஒட்டியதில்லை. இன்றைக்கு ஒரு சீட்டைத் திருடப் பார்க்கிறாள்.

திருகை விட்டுவிட்டு, சீட்டாவது இருக்கிறதா பார்ப்போம் என்று புரட்டத் தொடங்கினாள். முதல் அறுபது எழுபது சீட்டுகள் அப்பாவின் குண்டு எழுத்தில் பல மொழிகளின் சங்கதி. பழைய நூல்களில் ‘பழி’ பெரும்பாலும் வெறும் குற்றச்சொல், ஊர் வாயில் விழும் கெட்ட பெயர். லத்தீனில் ‘என்னுடையது’ என்று உரிமை கோருவதற்கான சொல்லே கொஞ்சம் கொஞ்சமாகப் பழிவாங்குதலாகி, இத்தாலியத்தில் குடும்பப் பகையாக முற்றியிருக்கிறது. அடிமையை விடுதலை செய்யும்போது தொடுகிற கோலுக்கும் அந்த லத்தீன் குடும்பத்துப் பெயர்தான். நம்முடைய ‘பகை’க்குத் தெலுங்கிலும் மலையாளத்திலும் உடன்பிறப்புகள் உண்டு. இந்தியில் பழிவாங்குதலைச் சொல்லும் வார்த்தையும், நாம் கடிதத்துக்கு எழுதும் ‘பதில்’ என்ற சொல்லும், மாற்றிக்கொடுப்பது என்ற ஒரே அரபுச் சொல்லின் வயிற்றில் பிறந்தவை. அல்பேனிய மொழியில் இதற்கு ‘இரத்தம் எடுத்தல்’ என்று பெயர். அதன் கீழே அப்பா சிவப்பு மையில் குறித்திருந்தார்: ‘எடுக்கிறார்கள், வாங்குகிறார்கள். பார்த்த மொழிகளில் எல்லாம் இதே கதை. யாரும் இதைக் கொடுத்ததாகச் சொல்லக் காணோம்.’

அதன் பிறகு தெருச்சீட்டுகள். ‘சலவை மிஷின் என்னைப் பழிவாங்குது’, சொன்னவர் பல் டாக்டர். ‘ஒரு நாள் குடை எடுக்கலன்னா மழை பழி வாங்கிடுது சார்’, சொன்னவர் தபால்காரர். ‘உப்பே போடாம சமைச்சுப் பழி தீத்துக்கிட்டா’, சொன்னவர் பஸ் கண்டக்டர், இடம் பஸ். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். விரல் எண்களைத் தள்ளிக்கொண்டே போனது. இருநூற்று எட்டு. ஒன்பது. பத்து.

இருநூற்றுப் பன்னிரண்டு. அங்கேதான் இருந்தது.

‘அந்த ஃபோர்மேனப் பழி வாங்காம விட்டா நான் மனுஷனே இல்ல.’ சொன்னவர்: மகன், அச்சக ஊழியர். இடம்: எங்கள் வீடு, சாப்பாட்டு மேசை. தேதி: பதினொரு வருஷத்துக்கு முந்தைய ஒரு பதினான்காம் தேதி. எழுத்து அவளுடையது.

பதினொரு வருஷத்துக்கு முன் அண்ணன் ஓர் அச்சகத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். ஏதோ தாள் வீணாய்ப் போனதென்று ஃபோர்மேன் எல்லார் முன்னாலும் அவனைக் கன்னத்தில் அறைந்தார். அன்று சாப்பாட்டில் கை வைக்காமல் அண்ணன் சொன்ன வாக்கியம் அது. அப்பா வழக்கம்போலச் சட்டைப்பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார். மகனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நேரத்தில் அவருக்குக் கை தாளுக்குப் போயிற்று. இருபது வருஷப் பழக்கம். அப்போது பத்தொன்பது வயதுக்காரியாக அப்பாவின் குறிப்புகளைச் சீட்டில் அழகாகப் பெயர்த்தெழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், மறுநாள் இதையும் எழுதினாள்.

ஒன்பது நாள் கழித்து அச்சகத்தில் காகிதச் சுருள் ஏற்றும் சாமான் லிஃப்ட் மூன்றாவது மாடியிலிருந்து அறுந்து விழுந்தது. உள்ளே ஃபோர்மேன் இருந்தார். பழைய கம்பி, விபத்து என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள். அன்றைக்கு அண்ணன் லீவு. இரண்டு மாதத்தில் வெளியூரில் வேலை தேடிக்கொண்டு போனவன், நல்லது கெட்டதுக்கு மட்டும் வந்து போனான். வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. லிஃப்ட் என்ற வார்த்தையே அந்த வீட்டில் புழங்காமல் போயிற்று. சொல்லைத் தேடி அலைகிறவர் வீட்டில்.

அடுத்த வருஷம் அப்பா ஒரு பெண்மணியை அலுவலகத்தில் சேர்த்துவிட்டார். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் சொருகியிருப்பதால் பென்சிலக்கா என்று பெயர் வந்தது. தெருச்சீட்டுகளைச் சரிபார்க்கிற வேலை. ஃபோர்மேனின் மனைவி.

அந்த அக்கா இந்தச் சீட்டைப் பார்த்துவிடக் கூடாது. பத்து வருஷமாக அவள் கண்ணை மூடும்போதெல்லாம் வந்து நிற்கும் பயம் இது ஒன்றுதான். அண்ணன் செய்தானா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயம்.

சீட்டைக் கிழித்தே எடுத்துவிடலாம் என்று விரலில் பிடித்தபோதுதான் முந்தைய சீட்டின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. இருநூற்றுப் பதினொன்று, ஐந்தாவது வரி: பென்சிலில் ஒரு சுழியும் ஒரு கோடும். அது பென்சிலக்காவின் கையெழுத்து என்று அவளுக்குத் தெரியும். அவசரமாகப் பதின்மூன்றைப் புரட்டினாள். சுழியும் கோடும். பதினான்கு, பதினைந்து. கடைசிச் சீட்டுக்குத் தாவினாள். சுழியும் கோடும். பெட்டி முழுக்கச் சரிபார்த்தாயிற்று. ஒன்று மட்டும் பாக்கி. இருநூற்றுப் பன்னிரண்டின் ஐந்தாவது வரி வெறுமையாக இருந்தது. அதன் ஓரத்தில், கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற அளவில், பென்சிலில் மூன்று சொற்கள்: ‘நேரில் பார்க்க வேண்டும்.’

இரண்டு வருஷத்துக்கு முன் பெட்டி ஒரு வாரம் வீட்டில் இல்லாதது ஞாபகம் வந்தது. ‘ஆசாரிகிட்டக் குடுத்திருக்கேன், பூச்சி அரிக்குது’ என்றார் அப்பா.

போனை எடுத்தாள்.

“அண்ணா, எங்க இருக்க?”

“தெருமுனையில. பூ வாங்கிட்டிருக்கேன். ஏன்?”

“கொஞ்சம் கழிச்சு வா. ஒரு மணி நேரம் எங்கயாவது உக்காந்துட்டு வா.”

“பைத்தியமா உனக்கு? அப்பா செத்துக் கிடக்காரு. நான் எங்க போய் உக்கார்றது, டீக்கடையிலயா?”

“அண்ணா, சொல்றதக் கேளு…”

“அழாத. வந்துட்டேன்.” வைத்துவிட்டான்.

வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மணி பத்தே முக்கால்தான். அவள் இரண்டு கையாலும் திருகைப் பிடித்து, உடம்பின் பலத்தையெல்லாம் கூட்டித் திருப்பினாள்.

“அப்படித் திருப்பினா இன்னும் இறுகும்மா.”

கதவருகே பென்சிலக்கா நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, தேய்ந்த செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், எங்கே விடுவதென்று தெரியாமல். அதை வாசற்படி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வந்து குனிந்தார்.

“எல்லாத் திருகும் இடப்பக்கம் கழலும். இது வலப்பக்கம். யாருக்கும் தெரியாம கழட்டிடக் கூடாதுன்னு உங்கப்பா ஆசாரிகிட்டச் சொல்லி மரையத் தலைகீழாப் போட்டு வெச்சார்.”

இரண்டு விரலால் ஒரு சுற்று. திருகு கழன்று வந்தது. அதை அவள் கையிலேயே வைத்தார். கம்பியை உருவினார். தேடவே இல்லை, விரல் நேராக நடுவில் போய் இருநூற்றுப் பன்னிரண்டை எடுத்தது.

“அக்கா… அது ஏதோ கோவத்துல…”

“எழுத்து உன்னோடதுதானே?”

“ஆமாக்கா.”

“முத்து முத்தா இருக்கு.”

“எப்பக்கா பாத்தீங்க?”

“ரெண்டு வருஷம் மூணு மாசம் ஆச்சு. அப்பாதான் பெட்டியக் கொண்டுவந்து என் மேசையில வெச்சார். ‘ஒண்ணுகூட விடாம சரிபாருங்க’ன்னார். இது வந்ததும் எழுந்து போய், தம்பிய எங்க போய்ப் பாக்கறதுன்னு கேட்டேன். கண்ணாடியக் கழட்டித் துடைச்சார். துடைச்சுக்கிட்டே இருந்தார். ‘நான் இருக்கற வரைக்கும் வேண்டாம்மா’ன்னார். சரின்னு வந்து உக்காந்துட்டேன்.”

“அதுக்கப்புறமும் தினமும் அவர் பக்கத்துலயேவா?”

“வேற எங்க உக்கார்றது? ஜன்னல் அந்தப் பக்கம்தான இருக்கு.”

சொல்லிவிட்டுப் பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவினார். கூடத்தில் அத்தையின் அழுகை திடீரென்று உச்சத்துக்குப் போயிற்று. அண்ணன் வந்துவிட்டான்.

அவள் பென்சிலக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னிக்கு வேண்டாம்க்கா. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். அவனுக்கு ரெண்டு சின்னக் குழந்தைங்க.”

“எனக்கும் அப்ப ரெண்டுதான்,” என்றார் பென்சிலக்கா, ஊர் நிலவரம் சொல்வதுபோல. “விடும்மா. நாளைக்குத் தம்பி ஊருக்குப் போயிடுவார். திங்கக்கிழமை அச்சு.”

பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் கூடத்துக்கு நடந்தார். திருகைக் கைக்குள் பொத்திக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினாள்.

அண்ணன் குளிர்பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குனிந்திருந்தான். அவன் மூச்சில் கண்ணாடி மங்கி, அப்பாவின் முகத்தில் பாதி மறைந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர். பென்சிலக்கா அவசரப்படவில்லை. அவன் நிமிரும்வரை சுவரோரமாக நின்றார். நிமிர்ந்தவன் அவரைப் பார்த்தான். யாரென்று தெரிந்த கணத்தில் அவன் முகம் வெளுத்ததைத் தங்கை பார்த்தாள். அவனுடைய பன்னிரண்டு வயதில் மாடியிலிருந்து தவறி விழப் போனபோது பார்த்த அதே முகம்.

“தம்பி, ஒரு நிமிஷம். இது நீங்க சொன்னதான்னு பாருங்க.”

“என்ன சீட்டு அது?” என்றாள் அத்தை, மூக்கைத் துடைத்தபடி. “பொணத்த நடுவுல வெச்சுக்கிட்டுக் கையெழுத்தா? நல்ல ஆபீஸ்மா உங்க ஆபீஸு!”

அண்ணன் சீட்டை வாங்கிப் படித்தான். ஒரே வரிதான். ஆனால் வெகுநேரம் படித்தான். பிறகு தங்கையை ஒரு பார்வை பார்த்தான், எழுத்தை அடையாளம் கண்டவனாக. அவள் இல்லையென்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனதுக்குள் கத்தினாள். ஒரு ‘இல்லை’ போதும். சொன்னவர் மறுத்தால் சீட்டு செல்லாது. அப்பாவின் விதி.

“சொன்னேன்,” என்றான் அண்ணன்.

பென்சிலக்கா சீட்டைத் திரும்ப வாங்கி, பெட்டியின் மூடிமேல் வைத்து, ஐந்தாவது வரியில் ஒரு சுழியும் ஒரு கோடும் போட்டார். கை துளியும் பிசகவில்லை. “அவ்வளவுதான் தம்பி,” என்றார். “போய் அப்பாகிட்ட இருங்க.”

அவன் போகவில்லை. “அக்கா,” என்றான். குரல் அவர்கள் மூவரைத் தாண்டிப் போகாதபடி அடங்கியிருந்தது. “லிஃப்ட் கம்பி பிரிஞ்சிருந்துது. முந்தின நாள் சாயங்காலமே பாத்தேன். பாத்தா உடனே ரிஜிஸ்தர்ல எழுதணும், லிஃப்ட நிறுத்தணும். அதுதான் என் வேலை. ரிஜிஸ்தரத் தொறந்தேன். பேனாவத் தொறந்தேன்…” கண்ணாடியில் தன் மூச்சு படிந்த இடத்தைத் துடைத்தான். “மூடி வெச்சுட்டு வந்துட்டேன். மறுநாள் லீவு சொல்லிட்டேன்.”

குளிர்பெட்டியின் மோட்டார் ஒரு முறை விக்கி நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது. யாரோ டீ டம்ளரைத் தரையில் வைத்தார்கள்.

அவள் பென்சிலக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அலறுவார், அறைவார், போலீஸை அழைப்பார். எல்லாவற்றையும் பத்து வருஷமாக அவள் மனதில் நடத்திப் பார்த்திருந்தாள். பென்சிலக்கா சீட்டைப் பின்பக்கம் திருப்பினார். அங்கே எதுவும் அச்சடித்திருக்கவில்லை. பென்சில் முனை அந்த வெள்ளையின்மேல் ஒரு நூலிடை உயரத்தில் நின்றது. முன்பக்கம் திருப்பினார். ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மறுபடி பின்பக்கம். பிறகு பென்சிலைக் கொண்டையில் சொருகிக்கொண்டார்.

“எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?”

அவள்தான் சொன்னாள், “நாலு மணிக்கு.”

“இருந்துட்டுப் போறேன்.”

ஒரு நாற்காலியை இழுத்து, அண்ணன் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், அப்பாவின் முகம் தெரிகிற மாதிரிப் போட்டு உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்துச் சீட்டை அதன் இடத்தில் செருகினார். கம்பியைத் துளைகளில் மெல்ல ஓட்டினார். நடுவில் ஓரிடத்தில் சிக்கியது. விரலால் நேராக்கி மறுபடி ஓட்டினார். மறுமுனையில் கம்பி வெளியே வந்ததும், தலையை நிமிர்த்தாமலே அவள் பக்கமாக உள்ளங்கையை நீட்டினார்.

என்ன கேட்கிறார் என்று அவளுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு கையைத் திறந்தாள். திருகு வியர்வையில் நனைந்து, உள்ளங்கையில் வட்டமாகப் பதிந்திருந்தது. எடுத்துக் கொடுத்தாள்.

பென்சிலக்கா அதை முந்தானையில் துடைத்துவிட்டு, இடப்பக்கமாக, இனி சுற்றாது என்கிறவரை சுற்றினார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தார்.

வெளியே, காத்திருந்து பார்த்த வேன்காரர் இன்ஜினை அணைத்தார்.